பந்தயம் தொடங்கிய பின் விதி எழுதுவதா?

கட்டுக்கரைக்குளத்தின் துருசை எந்த நாளில் திறப்பது என்பதைத் தனியொரு கமக்காரன் முடிவு செய்வதில்லை. காலபோகம் தொடங்குமுன் கமக்காரரும் அதிகாரிகளும் ஒன்றுகூடுகின்றனர். எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்த நாளில் நீர் விடுவது, எந்த நாளுக்குள் மாடுகளை வயல்வெளியிலிருந்து அப்புறப்படுத்துவது, மீறினால் என்ன செய்வது என்பன யாவும் விதைநெல் மண்ணில் விழுமுன்னரே தீர்மானமாகிவிடுகின்றன. தலைவாய்க்காலில் ஒருவன் இரவோடிரவாக மடையை உடைத்தால், அவனையே பிடித்துக் கேட்பர். அவன் செய்த பிழைக்காகக் கடைவாய்க்காலில் உள்ள ஏழைகளின் நீரை மறிப்பார் எவருமிலர்.

விதி முன்னே, விதைப்புப் பின்னே. பிழை செய்தவனுக்கே தண்டனை. மன்னார் மாவட்டத்துக் கமக்காரன் ஒவ்வொருவனும் அறிந்த இவ்விரு உண்மைகளையும் நம்முடைய அரசியற் கட்சிகள் அறியாமற் போனது ஏன்? இதுவே இன்று நாம் கேட்க விரும்பும் கேள்வி.

2024 ஆம் ஆண்டு ஜனவரி 21 ஆம் நாள் திருகோணமலையில் இலங்கைத் தமிழரசுக் கட்சியின் பொதுச்சபை கூடியது. தலைவர் பதவிக்குச் சிவஞானம் சிறீதரன், எம். ஏ. சுமந்திரன், சீனித்தம்பி யோகேசுவரன் ஆகிய மூவர் முன்வந்திருந்தனர். யோகேசுவரன் விலகிக்கொள்ள, மற்றை இருவரிடையே வாக்கெடுப்பு நடந்தது. சிறீதரனுக்கு 184 வாக்குகள், சுமந்திரனுக்கு 137. 1949 டிசம்பர் 18 இல் பிறந்த கட்சி, போட்டி வாக்கெடுப்பின்மூலம் தன் தலைவரைத் தெரிந்தெடுத்தது அதுவே முதன்முறை. தோற்றவர் வென்றவரை வாழ்த்தினார். தமிழ் மக்கள் மகிழ்ந்தனர். நம்மவர்க்குள்ளும் ஜனநாயகம் வேரூன்றுகிறது என்று நம்பினர்.

அந்த நம்பிக்கை ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. பொதுச் செயலாளர் பதவிக்கான தெரிவில், அதே திருகோணமலையில், ஜனவரி 27 இல் கூச்சலும் குழப்பமும் எழுந்தன. மறுநாள் நடக்கவிருந்த மகாநாடு ஒத்திவைக்கப்பட்டது. பெப்ரவரியில் விவகாரம் நீதிமன்றப் படியேறியது. தெரிவு கட்சியின் யாப்புக்கு முரணாக நடந்தது என்பதே முறைப்பாட்டின் சாரம். பெப்ரவரி 19 இல் கூடவிருந்த மகாநாட்டுக்குத் திருகோணமலை மாவட்ட நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வென்றவர் பதவியேற்கவில்லை. மாவை சேனாதிராசாவே தலைவராகத் தொடர நேர்ந்தது. 2025 ஜனவரி 29 இல் அவர் காலமானார். அவ்வாண்டின் தொடக்கத்தில் கட்சியை நடத்தியவர்கள் பதில் தலைவரும் பதில் பொதுச் செயலாளருமே. வாக்குப் போட்டுத் தெரிந்த தலைமை ஒரு பக்கம் நிற்க, ‘பதில்’ என்னும் அடைமொழி தாங்கிய தலைமை காரியம் பார்த்தது.

எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. அதற்கு நீதிபதிகள் உளர். நீதிமன்றம் சென்ற அங்கத்தவர்மேல் பழி சுமத்தவும் நாம் விரும்பவில்லை. யாப்பு மீறப்பட்டது என்று கருதும் அங்கத்தவருக்கு வழக்காடும் உரிமை உண்டு. நாம் கேட்பது வேறு. பொதுச்சபையில் வாக்களிக்கத் தகுதியுடையோர் எவர் என்ற ஐயம் வாக்கெடுப்புக்கு முன்னரே எழுந்து முன்னரே தீர்ந்திருக்க வேண்டாமா? அப்பட்டியல் வாக்கெடுப்புக்கு மூன்று மாதம் முன்னதாகவே ஒவ்வொரு கிளையின் கையிலும் இருந்திருந்தால், இந்த வழக்குக்கு இடமேது? பட்டியலைத் தயாரித்தவர் எவரோ, அவரே அதற்குப் பொறுப்பாளி. ஆனால் தண்டனை எவர் தலையில் விழுந்தது? இருவருக்குமாக வாக்களித்த 321 பேரின் தலையில் விழுந்தது. வடக்கிலும் கிழக்கிலும் எங்கெங்கோ இருந்து பேருந்தேறி, கைக்காசைச் செலவிட்டு, கீழைக்கரை வரை சென்று வாக்களித்த தொண்டனின் வாக்கு செல்லாக் காசாகிக் கிடந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது இதுதான்.

இந்நோய் நமக்கு மட்டும் உரியதன்று. ஜனநாயகத்தின் தாய்வீடு என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் அமெரிக்காவும் இதே படுகுழியில் விழுந்து எழுந்தது. அங்கே சனாதிபதி வேட்பாளரைக் கட்சிகள் மாநிலந்தோறும் நடத்தும் முதனிலைத் தேர்தல்களின்மூலம் தெரிந்தெடுக்கின்றன. 2008 ஆம் ஆண்டுத் தேர்தலுக்கென, நான்கு மாநிலங்கள் தவிர வேறெதுவும் பெப்ரவரி 5 க்கு முன் தேர்தல் நடத்தலாகாது என்று ஜனநாயகக் கட்சி விதி வகுத்தது. மிச்சிகன் ஜனவரி 15 இலும், புளோரிடா ஜனவரி 29 இலும் தேர்தலை நடத்தின. கட்சித் தலைமை என்ன செய்தது? அவ்விரு மாநிலங்களின் பிரதிநிதிகள் அனைவரினதும் வாக்குரிமையைப் பறித்தது. புளோரிடாவில் தேர்தல் நாளை முன்தள்ளிய சட்டமன்றமோ எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் பெரும்பான்மையைக் கொண்டது! எதிரணியினர் குறித்த நாளுக்காக, வரிசையில் நின்று வாக்களித்த ஜனநாயகக் கட்சியினர் தண்டிக்கப்பட்டனர்.

மிச்சிகனில் ஒபாமா தம் பெயரை வாக்குச் சீட்டிலிருந்து நீக்கிக்கொண்டார். ஹிலாரி கிளின்டன் நீக்கவில்லை. போட்டி நெருங்கியபோது, பறிக்கப்பட்ட வாக்குகளை எண்ணுவதா, விடுவதா என்று பெருஞ்சண்டை மூண்டது. மே 31 இல் விதிக்குழு கூடி, இரு மாநிலப் பிரதிநிதிகளுக்கும் ஆளுக்கு அரை வாக்கு என்று தீர்த்தது. வாக்குச் சீட்டில் பெயரே இல்லாத ஒபாமாவுக்கும் மிச்சிகனில் பிரதிநிதிகளை ஒதுக்கியது. ஆகஸ்டு மகாநாட்டில், வெற்றி எவருக்கு என்பது தெளிவான பின்பு, முழு வாக்கும் திருப்பிக் கொடுக்கப்பட்டது. கடுந்தண்டனை, பின்பு அரைத் தண்டனை, முடிவில் தண்டனையே இல்லை! தண்டனை பெரிதாக இருந்ததனால் விதி காக்கப்படவில்லை. தவறாத ஆள்மேல் விழுந்ததனால் தண்டனைதான் மதிப்பிழந்தது.

தலைமன்னாருக்கு நேரெதிரே உள்ள தமிழ்நாட்டையும் பார்ப்போம். அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தை 1972 இல் தொடங்கிய எம். ஜி. இராமச்சந்திரன், பொதுச் செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தெரிவு செய்ய வேண்டும் என்பதை அக்கட்சியின் அடிப்படை விதியாக்கினார். 2017 இல் அப்பதவியே இல்லாதொழிக்கப்பட்டு இரட்டைத் தலைமை வந்தது. 2022 ஜூலை 11 இல் பொதுக்குழு அதையும் மாற்றிப் பழைய பதவியைத் திரும்பக் கொணர்ந்தது. அதே கூட்டத்தில் ஓ. பன்னீர்செல்வம் நீக்கப்பட்டார். பொதுச் செயலாளர் பதவிக்குப் போட்டியிடுவோர் பத்து மாவட்டச் செயலாளர்களால் முன்மொழியப்படவும், வேறு பத்து மாவட்டச் செயலாளர்களால் வழிமொழியப்படவும் வேண்டும் என்ற விதியும் புகுந்தது. உயர் நீதிமன்றம் ஒருமுறை ஒரு பக்கம் தீர்த்தது. மேன்முறையீட்டில் மறுபக்கம் தீர்த்தது. 2023 பெப்ரவரி 23 இல் உச்ச நீதிமன்றம் எடப்பாடி பழனிசாமிக்குச் சாதகமாக முடித்தது. சட்டத்தின்படி அது முடிந்த கதை. ஆனால் ஆளுக்கேற்பச் சட்டை தைப்பதுபோல் தலைவருக்கேற்ப விதி தைக்கும் வழக்கத்துக்கு அது எடுத்துக்காட்டாய் நிற்கிறது.

ஒழுக்காற்று நடவடிக்கை பற்றியும் ஒரு சொல். கட்டுப்பாடில்லாத கட்சி கட்சியன்று, சந்தைக் கூட்டம். இதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், கட்டுப்பாடு எல்லோருக்கும் ஒன்றாய் இருக்க வேண்டும். 2024 சனாதிபதித் தேர்தலில் தமிழரசுக் கட்சியின் மத்திய குழு செப்டெம்பர் முதலாம் நாள் வவுனியாவில் கூடிச் சஜித் பிரேமதாசாவை ஆதரிக்கத் தீர்மானித்தது. கட்சியின் மூத்தவராகிய பா. அரியநேத்திரனோ தமிழ்ப் பொது வேட்பாளராய்க் களத்தில் நின்றார். 226,343 வாக்குகள் பெற்றார். அவரிடம் விளக்கம் கேட்கப்பட்டது. அவருக்காக மேடையேறியவர்களுள் தலைவராகத் தெரிவான சிறீதரனும் ஒருவர். ஒரே தீர்மானத்தைப் பலரும் பலவிதமாய் விளங்கிக்கொண்ட கட்சியில் எது மீறல், எது கருத்து வேறுபாடு என்பதை எழுத்தில் வரையறுக்காமல் தண்டனை பேசினால், அது நீதியாகத் தோன்றாது. கோஷ்டிப் பழிவாங்கலாகவே தோன்றும்.

நாட்டின் சட்டம் இதில் நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் கட்சியிலிருந்து நீக்கப்பட்டால் ஒரு மாதத்தில் ஆசனத்தை இழப்பார். எனினும் அம்மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்திடம் முறையிட்டு, நீக்கம் செல்லுமா என்று கேட்க அரசியலமைப்பின் 99 ஆம் உறுப்புரை வழி வைத்திருக்கிறது. ஆசனம் உள்ளவருக்கு இவ்வளவு காவல். முருங்கனிலோ பேசாலையிலோ கொடி பிடிக்கும் சாதாரண அங்கத்தவனுக்குக் காவல் எங்கே? அதைக் கட்சியின் யாப்பே தரவேண்டும்.

மன்னாருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பாருண்டு. அக்கறை மிகவும் உண்டு. 1956 இல் இத்தொகுதி தமிழரசுக் கட்சியின் வி. ஏ. அழகக்கோனைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1957 ஜூலையில் பண்டாரநாயக்காவுடன் ஒப்பந்தம் செய்த செல்வநாயகம், அதை மட்டக்களப்பு மகாநாட்டின் முன் வைத்து அங்கீகாரம் பெற்றார். தலைவன் செய்ததைத் தொண்டன் ஏற்க வேண்டும் என்ற மரியாதை அன்று இருந்தது. இன்று? ஆறு ஆசனங்கள் கொண்ட வன்னித் தேர்தல் மாவட்டத்தில் 2020 இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு மூன்றை வென்றது. கூட்டமைப்பு உடைந்தபின், 2024 நவம்பர் 14 இல், தமிழரசுக் கட்சிக்கு ஒன்றும், ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணிக்கு ஒன்றுமே எஞ்சின. காரணங்கள் பல. ஆயினும் தம் தலைவர் எவர் என்று தாமே அறியாத கட்சி எம்மை எங்கே அழைத்துச் செல்லும் என்று வாக்காளன் கேட்டதும் அவற்றுள் ஒன்று என்பதே நம் துணிபு. 2025 ஆகஸ்டில் காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் இரவுபகலாய்த் தெருவில் நின்றபோது, அவர்களை ஒன்றுதிரட்டியவை பொது அமைப்புகளே, மதகுருமாரே. முன்நின்றிருக்க வேண்டிய கட்சிகள் பின்வந்து சேர்ந்தன.

ஆகவே நாம் வேண்டுவன நான்கு. பொதுச்சபை அங்கத்தவரின் பெயர்ப்பட்டியல், கிளைவாரியாக, தெரிவுக்கு மூன்று மாதம் முன்னரே வெளியிடப்பட வேண்டும். ஆட்சேபங்கள் அக்காலத்துள் கேட்டு முடிக்கப்பட வேண்டும். வேட்புமனு கோரிய பின் எந்த விதியும் மாற்றப்படலாகாது. மாற்றினால் அடுத்த தெரிவுக்கே அது பொருந்த வேண்டும். தண்டனை தவறு செய்த ஆளுக்கே உரியதாக வேண்டும். கிளையொன்றின் வாக்குரிமையை எக்காரணம் கொண்டும் பறிக்கலாகாது. நடவடிக்கைக்கு முன் எழுத்தில் குற்றச்சாட்டும், விளக்கத்துக்குத் தவணையும், போட்டியில் பங்கில்லாத பெரியோர் கொண்ட மேன்முறையீட்டுக் குழுவும் வேண்டும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு எதுவுமில்லை. சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் கணக்காளரும் நிரம்பிய சமுதாயம் நம்முடையது. பட்டியல் எழுதவும் விதி வரையவும் ஆளுக்குப் பஞ்சமில்லை. நம் கற்றோர் கூட்டம் முடிந்தபின் குறை பேசுவதை விடுத்து, கூட்டத்துக்கு முன் கிளைக்குச் சென்று யாப்பைக் கையில் கேட்டு வாங்கட்டும். கமக்காரரும் கடற்றொழிலாளரும் தம் பெயர் பட்டியலில் உண்டா என்று நேரிற் பார்க்கட்டும். அடுத்த தெரிவுக்கான நாள் குறிக்கப்படுமுன் இது நடக்க வேண்டும். நாள் குறித்தபின் கேட்டால், தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாகவே முடியும்.