குடிக்கூலி பாக்கியும் வீட்டு விக்கிரயமும்

வீட்டை விற்கும் அவசியம் யாருக்கும் சாவகாசமாக வருவதில்லை. மகளின் விவாகமோ, வைத்தியச் செலவோ, கடனோ நெருக்கும்போதுதான் கிருஹஸ்தர் அத்தீர்மானத்துக்கு வருகிறார். அச்சமயத்தில், மாதக் கணக்காய்க் குடிக்கூலி கொடாதவர் உள்ளே அமர்ந்துகொண்டு, "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளும்" என்றால் ஆத்திரம் மூளாதா? குழாயை அடைப்பதும், மின்சாரத்தைத் துண்டிப்பதும், முரடர்களை ஏவிச் சாமான்களைத் தெருவில் எறிவிப்பதும் சென்னையில் நாம் கேள்விப்படாதவை அல்ல.

இவற்றை நாம் கண்டிக்கிறோம், தயையினால் மட்டுமன்று. சட்ட வழியன்றி வெளியேற்றப்பட்டவர் 1963-ம் வருஷத்து ஸ்பெசிபிக் ரிலீப் ஆக்டு 6-வது பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் வழக்கிட்டுச் சுவாதீனத்தைத் திரும்பப் பெறலாம். வீடு யாருடையது என்ற கேள்வி அங்கே எழாது. நியாயம் முழுவதும் தம் பக்கமிருந்த சொந்தக்காரர், ஒரு பூட்டை உடைத்ததனால் பிரதிவாதியாய் நிற்பார்.

குடியிருப்பவரோடு சேர்த்தே விற்றுவிடலாமே என்பர் சிலர். விற்கலாம், ஆனால் விக்கிரயத்தினால் வாடகை உரிமை முறியாது. வாங்குகிறவர் அந்தத் தொல்லையையும் விலைபேசிக் கிரயத்தைக் குறைப்பார். கிரயத்துக்கு முந்திய பாக்கியோ, 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டம் 109-வது பிரிவின்படி, தனியே எழுதிக் கொடுத்தாலன்றி அவரைச் சேராது. விற்றவரே மூன்று வருஷத்துக்குள் தாவா செய்து வசூலிக்க வேண்டும். கிரயப் பத்திரம் எழுதுவோர் பலர் இதைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை.

2019 பிப்ரவரி 22 முதல் அமலிலுள்ள தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி, இரண்டு மாத பாக்கியே வாடகை நீதிமன்றத்தை நாடப் போதிய காரணம். ஆகையால் கிராக்கி வாசலுக்கு வரும் வரையில் காத்திராமல், இரண்டாம் மாதமே நோட்டீஸ் அனுப்புவதுதான் விவேகம். அந்தக் காலத்தைக் கோட்டை விட்டவருக்கு நாம் சொல்வது வேறு: பாக்கியை விட்டுக்கொடுங்கள், தேதி குறித்து, காலி செய்வதாக எழுதி வாங்குங்கள், அட்வான்ஸில் ஏதேனும் திருப்ப ஒப்புக்கொண்டால், அதைச் சாவி கைக்கு வந்த பின்பே கொடுங்கள்.

"ஏமாற்றியவருக்குச் சன்மானமா?" என்று நேயர்கள் சீறக்கூடும். நமக்கும் அது கசப்பே. வக்கீல் தொழிலுக்கு விரோதமாய்ப் பேசுகிறோம் என்பதையும் அறிவோம். ஆயினும் வழக்கு நீளும் வருஷங்களுக்குள் கைவிட்டுப் போகும் கிரயத்தோடு ஒப்பிட்டால், சில மாதக் குடிக்கூலி அற்பம். நீதி இவ்வளவு மெதுவாய் நடப்பதற்குச் சொந்தக்காரர் பொறுப்பாளி அல்ல. போதிய நீதிபதிகளை நியமிப்பது சர்க்காரின் கடமை.

சாவியை வாங்கும் அன்றே மின்சாரக் கட்டண பாக்கியையும் விசாரித்துக்கொள்வது நலம். இணைப்பு பெரும்பாலும் சொந்தக்காரர் பெயரிலேயே இருக்கும்.