அடுப்புச் சூட்டில் ஒரு விளக்கு

வீட்டிலே வீணாகும் பொருள்களைக் கணக்கெடுக்கப் புகுந்தால் நாம் எண்ணெயை எண்ணுவோம், அரிசியை எண்ணுவோம், வெப்பத்தை எண்ணமாட்டோம். நன்றாய் உலர்ந்த விறகு ஒரு கிலோ ஒரு மணி நேரத்தில் எரிந்து தீருமானால், அந்த நேரம் முழுவதும் ஏறத்தாழ 4,000 வாற்று அளவான வெப்பம் வெளிப்பட்டுக்கொண்டேயிருக்கின்றது. மூன்று கல் அடுப்பிலே பானையைச் சேர்வது பெரும்பாலும் அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. எஞ்சியது சுவரையும் கூரையையும் சுட்டுவிட்டுப் புகையோடு போய்விடுகின்றது.

2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். எரிவாயுச் சிலிண்டருக்கும் தட்டுப்பாடு. மாத்தளைப் பட்டினத்து வீடுகளிலும் விறகடுப்பு மீண்டும் மூண்டது. மிளகுக்கொடி படர நட்ட சீமைக்கிளுவைக் கொம்புகள் எரிபொருளாயின. அடுப்பிலே ஆயிரக்கணக்கான வாற்று எரிந்துகொண்டிருக்க, அதன் பக்கத்திலே பிள்ளைகள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாடம் படித்தார்கள். இந்தச் சூட்டிலிருந்து ஓர் ஐந்து வாற்று விளக்கையாவது எரிக்க இயலாதா? இயலும். ஆனால் இன்றுவரை அது மலிவாக இயலவில்லை. ஏன் என்பதே இவ்வாரத்துப் பொருள்.

1821ஆம் ஆண்டிலே தோமசு யோகான் சீபெக் என்னும் ஜேர்மன் அறிஞர் இரு வேறு உலோகங்களை வளையமாக இணைத்து ஓர் இணைப்பைச் சூடாக்கினார். அருகிலிருந்த காந்த ஊசி அசைந்தது. சூடு காந்தத்தை உண்டாக்குகின்றது என்று அவர் கருதினார். உண்மையில் வளையத்திலே ஓடியது மின்னோட்டம். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இரும்புக் கம்பியையும் செப்புக் கம்பியையும் முறுக்கிச் சுடரிலே பிடித்தால் மானியின் முள் நகருவதை இன்றும் காட்டலாம். இதற்கே வெப்பவிணை என்று பெயர்.

பொல்கொல்லையில் மகாவலி நீர் திசைதிருப்பப்பட்டு மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே உக்குவளைக்கு வந்து, 1976 முதல் அங்குள்ள மின்நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றுகின்றது. நீருக்கு மேடு பள்ளம் எப்படியோ, இங்கே சூடும் குளிர்ச்சியும் அப்படி. ஒரு துண்டின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ந்தும் இருந்தால், அதிலுள்ள இலத்திரன்கள் சூட்டுப் பக்கத்திலிருந்து குளிர்ப் பக்கத்தை நோக்கிப் பரவுகின்றன. சுழலும் சக்கரமில்லை, ஓசையில்லை, எண்ணெய் போட வேண்டியதுமில்லை.

ஆனால் உலோகம் தரும் மின்னழுத்தம் மிக அற்பம். வெப்பநிலை ஒரு பாகை வேறுபட்டால், ஒரு வோற்றின் பத்திலட்சத்தில் சில பங்கு, மிஞ்சினால் சில பத்துப் பங்கு. மின்னைக் கடத்தாத பொருளை எடுத்தாலோ, அழுத்தம் இருக்கலாம், ஓட்டம் இராது. இரண்டுக்கும் நடுவே நிற்பவை குறைகடத்திகள். இவற்றில் ஒரு பாகைக்கு இருநூறு பங்கு வரை கிடைக்கின்றது. சிறு சிறு தூண்களாக வெட்டி, எதிர்வகை ஒன்று நேர்வகை ஒன்றாக நூற்றுக்கு மேற்பட்ட சோடிகளைத் தொடுத்து, இரண்டு ஓடுகளுக்கிடையே வைத்தால், 150 பாகை வேறுபாட்டிலே ஆறு வோற்று அளவில் எதிர்பார்க்கலாம்.

இனித்தான் இடர் தொடங்குகின்றது. மின்னை நன்றாகக் கடத்தும் பொருள் பொதுவாக வெப்பத்தையும் நன்றாகக் கடத்தும். வெப்பம் விரைந்து ஓடிவிட்டால் குளிர்ப் பக்கமும் சூடாகிவிடும்; மேடும் பள்ளமும் சமமாகிவிட்ட ஆற்றில் நீர் எங்கே பாயும்? நமது அயல் மாவட்டமான குருநாகலில் ககட்டகஹச் சுரங்கத்துக் காரீயம் தூய்மைக்குப் பெயர்பெற்றது, மின்னையும் கடத்துவது. அதையே பயன்படுத்தினாலென்ன என்று மாணவர் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். ஆயினும் காரீயம் வெப்பத்தை வெகு வேகமாக விட்டுவிடுகின்றது. அது தரும் மின்னழுத்தமும் சிறிது. நம் மண்ணிலே கிடைப்பதெல்லாம் எதற்கும் உதவும் என்று மேடையிலே பேசுவோர் இதையும் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

வேண்டியது, இலத்திரனுக்குப் பளிங்கைப்போல் ஒழுங்கான வழியும், வெப்பத்துக்குக் கண்ணாடியைப்போல் ஒழுங்கற்ற வழியும் தரும் ஒரு பொருள். அமெரிக்க அறிஞர் கிளென் சிலாக் 1995இல் இந்த இலக்கை இவ்வாறே வகுத்துரைத்தார். வெப்பம் குறைகடத்தியினுள்ளே பெருமளவு அணுக்களின் அதிர்வாகவே செல்கின்றது. அந்த அதிர்வைச் சிதறடிக்க வேண்டும். இலத்திரனைச் சிதறடிக்கக் கூடாது. சொல்லுவது எளிது.

1954இல் பிரித்தானியாவிலே யூலியன் கோல்ட்சிமிட் பிசுமதுத் தெலூரைட்டின் ஆற்றலைக் காட்டினார். இன்றும் கடையிலே கிடைக்கும் வெப்பமின் ஓடுகளில் இருப்பது பெரும்பாலும் இதன் வழிவந்த கலவையே. பாரமான அணுக்கள், ஆகவே அதிர்வு மந்தம். மாத்தளைப் பகுதியிலே கிடைக்கும் மைக்காவைப்போல இதுவும் படை படையாக உரியும். அதனாலே எளிதில் உடையும். 250 பாகைக்கு மேலே சூடேறினாலும் கெடும். சோவியத் நாட்டிலோ அப்ராம் இயோஃபேயின் ஆய்வுகளின் வழியே, 1950களில் மண்ணெண்ணெய் விளக்கின் சிமினியைச் சுற்றிப் பொருத்தும் மின்னாக்கி விற்பனைக்கு வந்தது. மின்கம்பி எட்டாத கிராமத்திலே விளக்கும் எரியும், அதன் சூட்டால் வானொலியும் பாடும். 1977இல் ஏவப்பட்ட வொயேஜர் விண்கலங்களும் புளுத்தோனியத்தின் சூட்டை சிலிக்கன், ஜேர்மானியம் கலந்த குறைகடத்தியால் மின்னாக்கியே இவ்வளவு தொலைவு சென்றன.

வானத்துக்குச் செலவு பாராமல் செய்யலாம். நம் அடுப்புக்கோ செலவே முதற் கேள்வி. பொருளின் திறத்தை அளக்க ஒரு சிறப்பெண் வைத்திருக்கின்றார்கள். பல பத்தாண்டுகளாக அது ஒன்றைச் சுற்றியே நின்றது. 2021இல் பெங்களூரிலுள்ள ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்திலே கனிஷ்க பிசுவாசும் அவருடைய குழுவினரும் 300 பாகை செல்சியஸ் அளவில் இரண்டரைக்குச் சற்று மேற்பட்ட சிறப்பெண்ணைக் கண்டதாக அறிவித்தார்கள். வெள்ளி, அந்திமனி, தெலூரியம் மூன்றும் சேர்ந்த சேர்வையிலே வெள்ளியணுவும் அந்திமனியணுவும் ஒழுங்கின்றிக் கலந்து நிற்கும். சந்தையிலே வரிசை பிசகிய கூட்டம்போல இலத்திரன் நகர இடர்ப்படும். சிறிதளவு கட்மியம் சேர்த்ததும் அணுக்கள் ஆங்காங்கே மிக நுண்ணிய திட்டுகளாய் வரிசைகொண்டன. இலத்திரனுக்கு வழி பிறந்தது. அத்திட்டுகளே வெப்ப அதிர்வுக்குத் தடையாயின. ஒரே செய்கையால் இரு பயன். ஈயம் கலவாதது என்பதும் அதன் சிறப்பு.

இதைக் கேட்டு நாளைக்கே கடையிலே அடுப்பு வரும் என்று எண்ணவேண்டாம். அது நேர்வகைத் தூணுக்கான பொருள்; அதற்கு ஈடான எதிர்வகைத் துணையும் வேண்டும். சூட்டிலும் குளிரிலும் விரிந்து சுருங்கும் இணைப்பு ஆயிரமுறை தாங்கவேண்டும். எல்லாவற்றிலும் மேலாக, தெலூரியம் புவியோட்டிலே பொன்னைப்போல் அரிதானது. கோடிக்கணக்கான அடுப்புகளுக்கு எங்கே போவது? ஆதலால் மக்னீசியம், சிலிக்கன், கந்தகம் முதலிய மலிந்த பொருள்களிலே தேடுவோரையே நான் ஆவலுடன் கவனிக்கின்றேன். செம்பும் அந்திமனியும் கந்தகமும் சேர்ந்த ஓர் இயற்கைத் தாது, சிறிது மாற்றிக் கலந்தால், உயர் வெப்பநிலையில் சிறப்பெண் ஒன்றை எட்டுவதும் காணப்பட்டுள்ளது.

கிடைக்கும் மின் சொற்பந்தானே என்பீர்கள். மெய்தான். இன்றைய ஓடுகள் தம்முள் செல்லும் வெப்பத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கையே மின்னாக்குகின்றன. அடுப்பை நம்பிக் குளிர்சாதனப்பெட்டி வைக்கமுடியாது. ஆனால் ஐந்து வாற்றிலே ஒரு விளக்கு எரியும். ஒன்றிரண்டு வாற்றிலே ஒரு சிறு விசிறி சுழன்று தணலுக்குக் காற்றூதும். விறகு முழுதாய் எரியும், புகை தணியும். இவ்விதம் தன் சூட்டாலேயே தன் விசிறியைச் சுழற்றும் அடுப்புகள் சில நாடுகளிலே செய்யப்பட்டுமுள்ளன. லயத்து அறையின் ஒடுக்கமான குசினியிலே விடியுமுன் எழுந்து ஊதுகுழலோடு கண் கசக்கும் தாய்க்கு விளக்கைவிட அந்த விசிறியே பெரிதாகத் தோன்றும் என நினைக்கின்றேன்.

குளிர்ப் பக்கத்தை எப்படிக் குளிரவைப்பது என்பதற்கும் வீட்டிலேயே விடையுண்டு. ஓட்டை அடுப்புத் தகட்டின்மீது வைத்து, அதன்மேலே தண்ணீர்க் கேத்தலை வைத்தால் போதும். நீர் உள்ளவரை அப்பக்கம் நூறு பாகையை அதிகம் தாண்டாது. மின்னாகாமல் ஓட்டைக் கடந்துபோகும் தொண்ணூற்றைந்து பங்கு வெப்பமும் அங்கே வீணாவதில்லை. காலைத் தேநீருக்கு அதுவே நீரைக் கொதிக்கவைக்கின்றது.