சொல்லக் கூசும் உபாதை

நம் வீடுகளில் வியாதிகளைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு நாளும் பஞ்சமில்லை. கல்யாணப் பந்தலில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால், ஒருவருக்கு முழங்கால் வலி, இன்னொருவருக்கு நீரிழிவு, மூன்றாமவருக்கு இரத்தக் கொதிப்பு என்று பேச்சு நீண்டுகொண்டே போகும். ஒவ்வொன்றுக்கும் கைகண்ட மருந்து சொல்ல ஐந்தாவது ஆசாமி ஒருவர் தயாராக இருப்பார். ஆனால் அதே பந்தலில், வாசலுக்கு அருகே ஓரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து சிரிக்கவும் பயந்து உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மாளை யாரும் கவனிப்பதில்லை. இருமினாலும், தும்மினாலும், வாய்விட்டுச் சிரித்தாலும் தம்மை அறியாமல் சிறுநீர் கசிந்துவிடும் உபாதை அவருக்கு. அதை அவர் கணவரிடமும் சொன்னதில்லை. பெற்ற மகளிடமும் சொன்னதில்லை.

குடும்பத்தில் சிறியவர் முதல் பெரியவர் வரை எல்லோரும் படிக்கும் பத்திரிகையில் இதைப் பற்றி எழுதலாமா என்று சில நேயர்கள் முகம் சுளிக்கக்கூடும். எழுதத்தான் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். என்னுடன் வேலை பார்த்த உபாத்தியாயினி ஒருவர், பள்ளிக்கூட நாட்களில் காலை முதல் மாலை வரை ஒரு வாய் தண்ணீர்கூட அருந்தமாட்டார். வெகு காலத்துக்குப் பிறகுதான் காரணத்தைச் சொன்னார். அதற்குள் கோயிலுக்குப் போவதையும், வெளியூர்ப் பிரயாணத்தையும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டிருந்தார். பிள்ளை பெற்றவளுக்கும் வயசானவளுக்கும் இதெல்லாம் சகஜம் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். சகஜம் என்பது மெய்தான். ஆனால் சகஜமாக வருவதெல்லாம் சகித்துக்கொண்டே தீரவேண்டியது என்று அர்த்தமல்ல. கத்தியை எடுக்காமல், மருந்தும் இல்லாமல், அநேகருக்கு இதைக் குணப்படுத்த முடியும். இதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலில் சரீர அமைப்பைச் சிறிது தெரிந்துகொள்வோம். இடுப்பெலும்புக் கூடு அடிப்பாகம் இல்லாத ஒரு பாத்திரத்தைப் போன்றது. அதன் முன்புறத்து எலும்பிலிருந்து பின்புறம் முதுகெலும்பின் வால் நுனி வரையில், தூளி கட்டியதுபோலச் சில தசைகள் அமைந்திருக்கின்றன. இவற்றை இடுப்பின் அடித்தளத் தசைகள் என்று சொல்லலாம். நீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் தாங்குவது இந்தத் தூளிதான். சிறுநீர் வெளிவரும் குழாயை இறுக்கி மூடி வைப்பதற்கு உதவுவதும் இதுவே. நாம் இருமும்போதோ, கனமான குடத்தைத் தூக்கும்போதோ, வயிற்றுக்குள் அழுத்தம் ஏற்பட்டு நீர்ப்பையை அமுக்குகிறது. தூளி உறுதியாயிருந்தால் குழாய் மூடியபடியே இருக்கும், தளர்ந்திருந்தால் கசியும்.

இந்தத் தசைகள் தளர்வதற்கு முதற் காரணம் பிரசவம். மாதவிலக்கு நின்ற பிறகு வரும் மாறுதல்கள், தீராத இருமல், மலச்சிக்கலால் முக்குவது, உடற்பருமன், ஓயாமல் பாரம் தூக்குவது ஆகியவை மற்றக் காரணங்கள். வேறொரு விதமான கசிவும் உண்டு. நீர்ப்பை நிரம்புவதற்கு முன்பே தாங்க முடியாத அவசரம் உண்டாகி, வாசற்கதவில் சாவியை நுழைப்பதற்குள் அடக்க முடியாமற் போய்விடும். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். இது ஸ்திரீகளுக்கு மட்டும் உரிய துன்பமும் அல்ல. புராஸ்டேட் கோளத்தில் ரண சிகிச்சை செய்துகொண்ட ஆடவர்களுக்கும் வருவதுண்டு.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் ஆர்னால்ட் கேகல் என்று ஒரு ஸ்திரீ வைத்திய நிபுணர் இருந்தார். கைகால் தசைகள் பயிற்சியினால் பலம் பெறுவதுபோல இந்த மறைவான தசைகளும் ஏன் பலம் பெறக்கூடாது என்பது அவர் யோசனை. காற்றறை ஒன்றை ரப்பர்க் குழாயினால் அழுத்தமானியோடு இணைத்து அவர் ஒரு கருவி செய்தார். தசையைச் சுருக்கினால் அழுத்தமானி அதைக் காட்டும். நோயாளி தாமே கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். பார்வைக்கு எட்டாத தசை தம் சொல்லுக்குக் கட்டுப்படுவதைக் கண்டதும் அவர்களுக்கு நம்பிக்கை பிறந்தது. 1948-இல் அவர் தம் முறையை வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். இன்றும் இந்த அப்பியாசத்தை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள்.

“ஒரு வைத்தியர் சொல்லிவிட்டால் போதுமா?” என்று கேட்பது நியாயமே. பிறகு வந்தவர்கள் பல பரீட்சைகள் செய்து பார்த்தார்கள். நார்வே தேசத்தில் காரி போ என்ற அம்மையாரும் அவருடைய கூட்டத்தாரும் 107 ஸ்திரீகளை நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு இந்தத் தேகப் பயிற்சி. இன்னொன்றுக்கு மின்சாரத் தூண்டுதல். மற்றொன்றுக்கு யோனிக்குள் வைத்துத் தாங்கும் எடைக் கூம்புகள். நாலாவதற்குச் சிகிச்சை இல்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்ததில் பயிற்சி செய்தவர்களே அதிக நன்மை அடைந்திருந்தார்கள். இந்த முடிவு 1999-இல் வெளியாயிற்று. உலகத்துப் பரீட்சைகளை ஒன்றுசேர்த்து எடைபோடும் காக்ரேன் ஸ்தாபனத்தார் 2018-இல் வெளியிட்ட தொகுப்பில், இருமல் தும்மலால் கசிவு உடையவர்களில் பயிற்சி செய்தவர்கள் 100-க்கு 56 பேர் குணமாயிற்று என்றார்கள். பயிற்சி செய்யாதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 100-க்கு 6 பேர்தான். நான்கு பரீட்சைகளில் சேர்ந்த 165 பேரைக் கொண்ட கணக்கு இது.

இனி, அப்பியாசம் செய்யும் விதம். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள்ளுங்கள். காற்றுப் பிரியாமலும் சிறுநீர் வராமலும் ஒரே சமயத்தில் அடக்குவதுபோல உள்ளுக்குள் சுருக்கி மேலே இழுக்க வேண்டும். வயிறு, தொடை, பிருஷ்டம் இவை இறுகக்கூடாது, மூச்சையும் அடக்கக்கூடாது. ஆரம்பத்தில் மூன்று நான்கு விநாடி நிறுத்தி, பிறகு அதே அளவு நேரம் நன்றாகத் தளர்த்துங்கள். தளர்த்துவதும் பயிற்சியின் ஒரு பாகமே. நாளடைவில் பத்து விநாடி வரை நிறுத்தப் பழகலாம். வேளைக்கு 8 தடவையாவது, நாளுக்கு 3 வேளை செய்ய வேண்டும். படுத்துச் செய்வது பழகிய பிறகு உட்கார்ந்தும், பிறகு நின்றும் செய்யலாம். அரிசி களையும்போதும் செய்யலாம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் செய்யலாம். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

ஒரு வாரம் செய்துவிட்டு, “பலன் இல்லை” என்று நிறுத்திவிடக்கூடாது. பிரிட்டனில் வைத்திய முறைகளை வகுத்துச் சொல்லும் நைஸ் ஸ்தாபனத்தார் 2019-இல் வெளியிட்ட விதிகளில், தேர்ந்தவர் மேற்பார்வையில் குறைந்தது மூன்று மாதம் இந்தப் பயிற்சியை முதற் சிகிச்சையாக அளிக்கும்படி கூறியிருக்கிறார்கள். ‘தேர்ந்தவர் மேற்பார்வை’ என்ற சொற்களைக் கவனியுங்கள். அமெரிக்காவில் 1991-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், 47 ஸ்திரீகளுக்கு வாய்மொழியாக மட்டும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்து, எப்படிச் செய்கிறார்கள் என்று பரிசோதித்தார்கள். சரியாகச் செய்தவர்கள் 23 பேர். 12 பேர் செய்த விதமோ கசிவை அதிகமாக்கக் கூடியது! உள்ளே இழுப்பதற்குப் பதிலாகக் கீழ்நோக்கி முக்குவது பலர் செய்யும் தவறு. பள்ளிக்கூடத்தில் கணக்கைத் தப்பாகப் போடக் கற்றுக்கொண்ட பிள்ளை நூறு தரம் போட்டாலும் விடை வராதல்லவா? ஆகையால் ஒரு தடவையாவது ஸ்திரீ வைத்தியரிடமோ, பிசியோதெரபி நிபுணரிடமோ காட்டிச் சரிபார்த்துக்கொள்வது அவசியம். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகுவதைத் தினசரி வழக்கமாகச் செய்யவே கூடாது.

ஒரு சிறு யுக்தியும் உண்டு. இருமலோ தும்மலோ வருவது தெரிந்தவுடனே, அது வெளிப்படுவதற்கு முன்பாக அந்தத் தசையைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். குடத்தைத் தூக்குவதற்கு முன்பும் அப்படியே. 1998-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், கசிவு உடைய 27 மூதாட்டிகள் ஒரே வாரத்தில் இதைக் கற்றுக்கொண்டு இருமும்போது வரும் கசிவை வெகுவாகக் குறைத்துக்கொண்டார்கள்.

அவசரக் கசிவு உள்ளவர்கள் இந்தப் பயிற்சியோடு நீர்ப்பையையும் பழக்க வேண்டும். அவசரம் தோன்றியதும் ஓடாமல், அசையாமல் நின்று, தசையைச் சில தடவை சுருக்கினால் அவசரம் சற்றுத் தணியும். பிறகு நிதானமாகப் போகலாம். ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் உள்ள இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டலாம். 55 வயதும் அதற்கு மேலும் ஆன 197 ஸ்திரீகளைக் கொண்டு அமெரிக்காவில் செய்த பரீட்சை ஒன்று 1998-இல் வெளியாயிற்று. இத்தகைய பழக்கத்தினால் கசிவு 100-க்கு 81 பங்கு குறைந்தது. மருந்தினால் 69 பங்கும், வெறும் போலி மாத்திரையினால் 39 பங்கும் குறைந்தன.

உடற்பருமன் உள்ளவர்கள் எடையைக் குறைப்பதும் சிகிச்சையே. 338 ஸ்திரீகளைக் கொண்டு செய்து 2009-இல் வெளியிட்ட பரீட்சையில், ஆறு மாதத்தில் எடையை 100-க்கு 8 பங்கு குறைத்தவர்களுக்குக் கசிவு ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. காப்பியையும் தேநீரையும் குறைத்துப் பார்ப்பது நல்லது. ஆனால் தண்ணீரை நிறுத்துவது பேதைமை. சிறுநீர் தடித்து நீர்ப்பையை உறுத்தும், மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும். கசிவுக்குப் பயந்து செய்த காரியம் கசிவையே வளர்க்கும்.

நகரங்களில் இப்போது காந்த நாற்காலிச் சிகிச்சை என்று விளம்பரங்கள் வருகின்றன. உடுத்திய துணியோடு உட்கார்ந்தால் போதும். ஆசனத்துக்கு அடியில் உள்ள கம்பிச் சுருளிலிருந்து எழும் காந்தசக்தி நரம்புகளைத் தூண்டி, தசைகளைத் தாமாகவே சுருங்கச் செய்கிறது. இது வெறும் பித்தலாட்டம் அல்ல. மலேசியாவில் பினாங்கில் 120 ஸ்திரீகளைக் கொண்டு செய்து 2017-இல் வெளியிட்ட பரீட்சையில், மெய்யான சிகிச்சை பெற்றவர்கள் 60 பேரில் 45 பேருக்குப் பலன் தெரிந்தது. போலிச் சிகிச்சை பெற்ற 60 பேரில் 13 பேருக்கே தெரிந்தது. ஆயினும் 2009-இல் நியூஸிலாந்திலிருந்து வெளியான மற்றொரு பரீட்சையில், போலி நாற்காலியைவிட இது மேலானதல்ல என்று முடிவாயிற்று. கர்ப்பிணிகளும், இருதயத்தில் துடிப்புக் கருவி பொருத்திக்கொண்டவர்களும், இடுப்புப் பக்கம் உலோகம் வைத்திருப்பவர்களும் இதை அணுகக்கூடாது. தசையைத் தாமாகச் சுருக்கவே முடியாதவர்களுக்கு வைத்தியர் யோசனையின் பேரில் இது உதவலாம். மற்றவர்கள் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால், காசில்லாத பயிற்சியை மூன்று மாதம் ஒழுங்காகச் செய்து பார்ப்பதே விவேகம்.

ரண சிகிச்சையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பயிற்சியால் தீராதவர்களுக்கு அது அவசியமாகலாம். ஆனால் அவசரப்படலாகாது. யோனி வழியாக வைத்துத் தைக்கும் வலைகளால் பலருக்குத் தீராத வலியும் தொல்லையும் ஏற்பட்டதால், 2018-இல் பிரிட்டனில் அவற்றை நிறுத்தி வைத்தார்கள். கருப்பை முதலியவை இறங்குவதற்கு அவ்வழியே வைக்கும் வலைகளின் விற்பனையை 2019-இல் அமெரிக்க அரசாங்கமும் நிறுத்தியது.

சில அறிகுறிகள் கண்டால் பயிற்சியை நம்பிக் காலதாமதம் செய்யாமல் வைத்தியரிடம் போகவேண்டும். சிறுநீரில் இரத்தம், எரிச்சலோடு ஜுரம், சிறுநீர் கழிக்கவே முடியாமை, கீழே ஏதோ இறங்கித் தட்டுப்படுவது, தொடையிடுக்கில் மரத்துப்போவது அல்லது கால்களில் பலவீனம் ஆகியவை அவை. கஷ்டமான பிரசவத்துக்குப் பிறகு இரவும் பகலும் ஓயாமல் நீர் ஒழுகுமானால் அது தசைத் தளர்ச்சியல்ல. உள்ளே துவாரம் விழுந்திருக்கலாம். அதற்கு ரண சிகிச்சையே வழி.

வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. தாயாரோ மாமியாரோ பிரயாணம் என்றதும் சாக்குச் சொன்னால், பிடிவாதம் என்று எண்ணிவிடாமல் தனியாக அழைத்துப் பரிவோடு கேளுங்கள். பிள்ளை பெற்று வந்த பெண்ணுக்குப் பத்தியச் சாப்பாடு போட்டு, குளிப்பாட்டி, சாம்பிராணி போடும் கவனத்தில் ஒரு பங்கை இந்தப் பயிற்சிக்கும் செலவிடுங்கள். எப்போது தொடங்கலாம் என்பதைப் பிரசவம் பார்த்த வைத்தியரிடமே கேட்டுக்கொள்ளலாம். புருஷர்களும் இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மனைவியை வைத்தியரிடம் அழைத்துப் போவதற்குப் பேருந்துக் கூலியும் அரை நாள் லீவும் போதும். சொல்லக் கூசியே இருபது வருஷத்தைக் கழித்த ஸ்திரீகள் நம் தெருவிலேயே இருப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது மூன்று மாதப் பயிற்சியும், அதற்கு முன்னால் ஒரே ஒருவரிடம் மனம் திறந்து சொல்லும் தைரியமுமே.