பச்சை வந்தால் போதுமா?

டயர் கடை வாசல்களில் 'கம்ப்யூட்டர் வீல் அலைன்மென்ட்' என்ற போர்டை எல்லோரும் பார்த்திருப்போம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு அந்த முதல் சொல்லின் மேல் தனி நம்பிக்கை உண்டு. கம்ப்யூட்டர் பார்த்தால் தப்பு வராது என்று நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்கு நான் கொடுத்த விலை இரண்டு டயர்கள்.

அன்று மானிட்டரில் எல்லாக் கட்டங்களும் பச்சையாகத்தான் இருந்தன. பணத்தைக் கட்டி, பிரிண்ட் அவுட்டை வாங்கிக் காருக்குள் போட்டுவிட்டு வந்துவிட்டேன். சில மாதங்கள் கழித்து பஞ்சர் ஒட்ட டயரைக் கழற்றியபோதுதான் விஷயம் தெரிந்தது. வெளிப்பக்கம் பட்டன் நன்றாக இருக்கிறது. உள்பக்க ஓரம் மொட்டை. இன்னொரு முன் டயரும் அதே நிலை. பிரிண்ட் அவுட்டை எடுத்துப் பார்த்தேன். அதில் இருந்தது என் காரின் பெயரே இல்லை. வேறு மாடல்!

இதில் கம்ப்யூட்டரின் வேலை என்ன? நான்கு சக்கரங்களிலும் சென்சார்களைப் பொருத்துகிறார்கள். புதிய வகை மெஷின்களில் சென்சாருக்குப் பதிலாகப் புள்ளிகள் போட்ட தட்டுகளை மாட்ட, எதிரே உள்ள கேமராக்கள் அவற்றைப் பார்க்கின்றன. முக்கியமாக மூன்று கோணங்கள் அளக்கப்படுகின்றன. மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருப்பது டோ. முன்னால் நின்று பார்க்கும்போது சாய்ந்திருப்பது கேம்பர். சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ அந்த அச்சின் முன்பின் சாய்வு காஸ்டர். இந்த அளவுகளை, டேட்டாபேஸில் உங்கள் கார் மாடலுக்கு உள்ள அளவுகளோடு ஒப்பிட்டு, சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு காட்டும். அவ்வளவுதான். திருத்துவது காருக்கு அடியில் ஸ்பேனருடன் நிற்கும் மெக்கானிக். மாடலைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால், அந்தத் தப்பான அளவுக்கே சக்கரத்தைத் திருப்பி, பச்சை வாங்கிவிட முடியும்.

'என் வண்டி நேராகத்தானே போகிறது, எதற்கு அலைன்மென்ட்?' என்று பலர் கேட்கிறார்கள். இரண்டு முன் சக்கரங்களும் சம அளவில் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருந்தால் வண்டி நேராகத்தான் போகும். கைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் டயர் தேய்ந்துகொண்டே இருக்கும்.

எவ்வளவு என்று நீங்களே கணக்கிடலாம். விண்டோஸ் கால்குலேட்டரைத் திறந்து சயின்டிபிக் வகைக்கு மாறுங்கள். கோணம் டிகிரியில் இருக்கட்டும். 0.25 என்று கொடுத்து, டான் எடுத்து, 1,000ஆல் பெருக்குங்கள். 4.36 வரும். ஒரு சக்கரம் கால் டிகிரி மட்டும் விலகியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நாலே கால் மீட்டருக்கு மேல் டயர் பக்கவாட்டில் இழுபடுகிறது என்று பொருள். 5,000 கிலோமீட்டர் ஓடினால் கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர்! டயர் ஓரம் ரப்பர் வைத்து அழித்ததுபோல் ஆவதில் என்ன ஆச்சரியம்? அந்த இழுப்புக்குச் செலவாவதும் உங்கள் பெட்ரோல்தான். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால் டயரை மாற்றியாக வேண்டும். ஓரம் மட்டும் தேய்ந்து உள்ளிருக்கும் நூல் தெரியும் டயரோடு நெடுஞ்சாலையில் போவது உயிரோடு விளையாடுவது.

ஆகவே வண்டி இழுக்கும்வரை காத்திருக்காதீர்கள். காரோடு வந்த கையேட்டில் சொன்ன இடைவெளியில் அளந்து பாருங்கள். பொதுவாக 5,000 முதல் 10,000 கிலோமீட்டருக்குள் ஒரு முறை பார்ப்பது நல்லது. பெரிய பள்ளத்தில் இறங்கி அடிபட்டாலோ, ஸ்டியரிங், சஸ்பென்ஷன் பாகங்களை மாற்றினாலோ உடனே பாருங்கள். முதலில் நான்கு டயர்களிலும் காற்று சரிபாருங்கள்; காற்று குறைந்தாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் அது பெரும்பாலும் வீல் பேலன்சிங் கோளாறு. அலைன்மென்ட் செய்து அது போகாது.

கடையில் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். முதலில், மானிட்டரில் தேர்ந்தெடுத்தது உங்கள் கார் மாடல்தானா என்று பாருங்கள். இரண்டாவது, திருத்துவதற்கு முன் உள்ள அளவு, திருத்திய பின் உள்ள அளவு இரண்டும் இருக்கும் பிரிண்ட் அவுட் கேளுங்கள். மூன்றாவது, அதைப் படியுங்கள். பல மெஷின்கள் கோணத்தை டிகிரி, நிமிடம் என்று அச்சிடும். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். 15 நிமிடம் என்றால் 0.15 அல்ல, 0.25 டிகிரி. பல சிறிய கார்களில் முன் சக்கர டோவை மட்டுமே எளிதாகத் திருத்த முடியும். கேம்பர் சிவப்பிலேயே நின்றால், வளைந்த அல்லது தேய்ந்த பாகம் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பிரிண்ட் அவுட்டை ஸ்கேன் செய்து, தேதியும் கிலோமீட்டரும் பெயராகக் கொடுத்து, ஒரு போல்டரில் சேமியுங்கள். அடுத்த முறை இரண்டையும் ஒப்பிட்டால் எந்தச் சக்கரம் விலகுகிறது என்று உங்களுக்கே தெரியும்.

கம்ப்யூட்டர் நாம் கொடுத்த விவரத்துக்குத்தான் விடை சொல்லும். விவரம் சரியா என்று பார்ப்பது நம் வேலை. நான் அதைச் செய்யவில்லை. நீங்கள் செய்யுங்கள்.