தைமுக்கு நம்மூரில் என்ன வேலை?

புல்லுக்குப் பதிலாகப் படரும் தைம் செடியை முற்றத்தில் நடுவது இப்போது நாகர்கோவில் பக்கமும் வந்துவிட்டது. வீடியோ பார்த்து வந்த மோகம். நான் கேட்பது ஒன்றுதான்: அந்தச் செடியின் ஊர் எது, நம் ஊர் எது?

தைம் ஐரோப்பாவின் கல்லும் மணலுமான, தண்ணீர் தேங்காத நிலத்துச் செடி. உறைபனியைத் தாங்கும்; புழுக்கத்தைத் தாங்காது. நமக்கோ ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு. மழை ஓய்ந்தாலும் கடற்காற்றின் ஈரம். தை மாத ராத்திரியில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நெருங்கிப் படர்ந்த தண்டுக்குள் ஈரம் தங்கினால் செடி அழுகத்தான் செய்யும். உரம் போட்டு என்ன பயன்? நீலகிரியில் வளர்கிறதே என்பவர்கள், அந்தக் குளிரையும் சேர்த்து வாங்கி வரட்டும்.

மணல் கலந்த தொட்டியில், மழை படாமல் வைத்தால் பிழைக்கலாம். ஆனால் முற்றத்தை மூடுவதற்கென்றுதானே வாங்கினீர்கள்?

மணம்தான் வேண்டுமென்றால், தைமுக்கு மணம் தரும் தைமால் நம் ஓமத்திலேயே இருக்கிறது. தரையை மூடப் பொடுதலை இருக்கிறது. குளத்தங்கரையிலும் வயல் வரப்பிலும் மிதிபட்டும் சாகாமல் கிடக்கும். கலிபோர்னியாவில் அதை லிப்பியா என்று சொல்லி, புல்தரைக்குப் பதிலாக நட்டிருக்கிறார்கள். நாம் களைக்கொல்லி அடித்துக் கொல்கிறோம்! நிழலும் ஈரமும் உள்ள இடத்துக்கு வல்லாரை போதும்.

அடுத்த தைம் தொட்டிக்குக் காசு கொடுக்குமுன் குளத்தங்கரைக்கு ஒரு நடை போய் வாருங்கள். கணுவில் வேர்விட்ட பொடுதலைத் தண்டு நாலு கிள்ளி வந்து ஊன்றினால் போதும், பைசா செலவில்லை.