ஆமைக்குஞ்சைக் கீழ வையுங்கோ

கொஸ்கொட, ஹபராதுவைப் பக்கம் ரூர் போய்வந்த எங்கட ஆக்களின்ர போனில எல்லாம் ஒரே படம்: உள்ளங்கையில ஓர் ஆமைக்குஞ்சு. கீழே "பாதுகாப்போம்" எண்டு ஒரு வரி. யாரிட்ட இருந்து?

பொரித்து வெளிவரும் கடலாமைக்குஞ்சின் வயிற்றில் மஞ்சட்கருவின் மிச்சம் இருக்கும். அந்தப் பலத்தில்தான் அது முதல்நாள் முழுக்க நிற்காமல் நீந்தி, கரையோர மீன்களைத் தாண்டி ஆழ்கடலுக்குப் போகிறது. அதைச் சீமெந்துத் தொட்டியில் நாட்கணக்கில் வைத்தால் அந்த நீச்சல் சுவரில் முட்டியே தீர்ந்துபோகும். பிறகு கடலில் விடும்போது நாங்கள் கைதட்டுகிறோம், சில இடங்களில் பட்டப்பகலில், பறவைகள் பார்த்திருக்க.

உலகின் 7 வகைக் கடலாமைகளில் 5 எங்கள் தீவின் கரைகளில் முட்டையிடுகின்றன. முட்டை சட்டிக்குப் போகாமல் இந்த நிலையங்கள் வாங்கிப் புதைப்பதும், வலையில் அடிபட்டவற்றைப் பராமரிப்பதும் நல்லதுதான், மறுக்கேல்லை. ஆனா பொரிச்ச குஞ்சை அண்டைக்கு இரவே விட்டால் என்ன? விடிய ரிக்கெற் எடுத்து வாற எங்களுக்குத் தூக்க ஒண்டும் இருக்காது. அவ்வளவுதான்.

தொட்டால்தான் பிள்ளையளுக்கு அன்பு வருமாம். மன்னாருக்குப் பூநாரை பாக்கப் போறம், ஒண்டையாவது தூக்கினனாங்களா? அடுத்தமுறை வாசலில கேளுங்கோ: "குஞ்சுகளை எப்ப விடுறனீங்கள்?" தொட்டியைக் காட்டினால் காசைக் குடாமல் திரும்புங்கோ.