கள்ளச் சரக்கும் காலாற நடையும்

இங்கிலாந்தின் தென்கரையில் ரை என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஒரு காலத்தில் பெயர் பெற்ற துறைமுகம். இன்று கடல் அதை விட்டு இரண்டு மைல் விலகிப் போய்விட்டது. கடல் போனாலும் கடற்கதை போகவில்லை. இத்தகைய கரையோர ஊர்களில் வழிகாட்டி ஒருவர் முன் செல்ல, கள்ளக் கடத்தல்காரர்கள் நடமாடிய சந்துகளைக் காலாற நடந்து பார்ப்பது இப்போது வழக்கமாகியிருக்கிறது. முன்னோர் சர்க்காரை ஏமாற்றியதைப் பின்னோர் காசாக்குகிறார்கள் என்று நேயர்கள் நகைக்கலாம். நமக்கு ஆட்சேபமில்லை. ஊர்ச் சரித்திரத்தைக் காலால் படிப்பதும் நல்ல படிப்பே.

ரையில் கூழாங்கல் பதித்த சரிவான தெரு ஒன்றில், 1420-இல் திரும்பக் கட்டப்பட்ட 'மெர்மெயிட்' விடுதி இன்றும் நிற்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஹாக்ஹர்ஸ்ட் கூட்டத்தார் இங்கே கைத்துப்பாக்கிகளை மேஜைமேல் பரப்பி வைத்துக்கொண்டு குடிப்பார்களாம். ஏனென்று கேட்க ஆள் கிடையாது. பக்கத்துச் சதுப்பு நிலத்தில் ஆட்டு ரோமத்தை இரவில் பிரான்சுக்குக் கடத்தியவர்களுக்கு 'ஆந்தைகள்' என்று பெயர். மாதா கோவிலில்கூடச் சரக்கு ஒளிந்திருந்தது. கேட்கக் கேட்க ரஸமாகத்தான் இருக்கிறது.

ஆனால் சாட்டர் என்ற செருப்புத் தொழிலாளியின் கதையைக் கேட்டபின் சிரிப்பு வராது. 1747-இல் சுங்கக் கப்பல் பிடித்த ஏறக்குறைய இரண்டு டன் தேயிலையை, இந்தக் கூட்டம் பூல் துறைமுகச் சுங்கச் சாவடியை உடைத்து மீட்டுச் சென்றது. வழியில் பழகிய முகம் ஒன்றைக் கண்ட சாட்டருக்கு, அவன் ஒரு சிறு பை தேயிலையை எறிந்துவிட்டுப் போனான். விஷயம் வெளியாயிற்று. 1748-இல் சாட்சி சொல்லச் சென்ற சாட்டரையும், உடன் சென்ற காலி என்ற சுங்கச் சேவகரையும் கூட்டத்தார் பிடித்துச் சித்திரவதை செய்தே கொன்றார்கள். சாட்டரைக் கிணற்றில் தள்ளி மேலே கல்லைப் போட்டார்கள். மறு வருஷம் சிசெஸ்டரில் விசாரணை நடந்து, கொலைகாரர்கள் தூக்கு மேடை ஏறினார்கள். வீரர் என்று பாடப்படுகிறவர்கள் இவர்களே.

சர்க்கார் பேரிலும் குற்றமில்லாமல் இல்லை. தேயிலைக்கு நூற்றுக்கு 119 வீதம் வரி போட்டால் ஏழை வீட்டில் கள்ளத் தேயிலைதானே கொதிக்கும்? 1784-இல் பிட் துரை அதை 12½ ஆகக் குறைத்தார். தேயிலைக் கடத்தல் படுத்துவிட்டது. துப்பாக்கி சாதிக்காததை ஒரு சட்டம் சாதித்தது.

நமக்கு முக்கியமான சரக்கு வேறு. அது நம் சோழமண்டலக் கரையின் சீட்டித் துணி. சாயவேரின் சிவப்பேறிய அந்தத் துணி ஆங்கிலச் சீமாட்டிகளை மயக்கியது. அந்நாட்டு நெசவாளிகளின் வயிற்றில் அடித்தது. 1719-இல் லண்டன் நெசவாளிகள் சீட்டி உடுத்திய பெண்களைத் தெருவில் மறித்து, ஆடையைக் கிழித்து, மையை ஊற்றினார்கள். 1700-இலும் 1721-இலும் பார்லிமெண்டு தடைச் சட்டங்கள் செய்தது. பின்னதன்படி உடுத்தியவருக்கே ஐந்து பவுன் அபராதம். சுதேசித் தொழிலைக் காப்பது எப்படியென்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது! நம் நெசவாளியின் முறை வந்தபோது மட்டும் அந்தப் பாடம் மறந்து போயிற்று.

தடுக்கத் தடுக்க ஆசை வளர்ந்தது. சீட்டி கள்ளச் சரக்காயிற்று. பிரசித்த நடிகர் காரிக்கின் மனைவிக்குக் கல்கத்தாவிலிருந்து அன்பளிப்பாக வந்த கட்டில் திரைகளையே 1775-இல் சுங்கத்தார் பறிமுதல் செய்தார்கள். காரிக் கடிதம் எழுதிக் கெஞ்ச வேண்டியிருந்தது. அந்தத் துணி இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் பொருட்காட்சிசாலையின் சொத்து.

பிள்ளைகளைப் பார்க்க இங்கிலாந்து செல்லும் நேயர்கள் இந்த நடைகளில் ஒன்றுக்குப் போவதானால், வழிகாட்டி பிராந்திப் பீப்பாயைப் பற்றிச் சொல்லி முடித்ததும் சீட்டியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கட்டும்.